ரெண்டு பக்கமும் தலை உள்ள பாய்ப்படகுக்கு காம்பஸ், காத்துமானி, ஆட்டோபைலட், லைட் மாட்டுறது எப்படி? முழு வழிகாட்டி

ப்ரோவா கட்டணும்னு ஆரம்பிக்கிறவங்க முதல்ல பாயைப் பத்திதான் கேப்பாங்க, கட்டி தண்ணியில இறக்கினதுக்கு அப்புறம் கேக்குற கேள்வியே வேற, "ஏங்க இந்த ஆட்டோபைலட் திடீர்னு பேய் புடிச்ச மாதிரி சுக்கானை ஒரே பக்கமா தள்ளுது?" அதுக்கு பதில் இந்தக் கட்டுரை முழுக்க இருக்கு. கடலூர், புதுச்சேரி பக்கம் சின்னதா பதினஞ்சு இருபது அடியில ப்ரோவா வச்சிருக்கிறவங்க, கட்டலாம்னு யோசிக்கிறவங்க, எலக்ட்ரானிக்ஸ் பக்கம் கொஞ்சம் கை வச்சுப் பழகினவங்கன்னா நேரா செஞ்சு பாக்கலாம்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ப்ரோவான்னா ஒரு நீளமான மெயின் உடம்பு, ஒரே ஒரு பக்கத்துல மிதவை. அந்த மிதவை எப்பவும் காத்து வர்ற பக்கம்தான் இருக்கணும். அதனால சாதாரணப் பாய்ப்படகு மாதிரி இதைத் திருப்ப முடியாது, திருப்பினா மிதவை காத்துக்கு மறுபக்கம் போயிடும். அதுக்குப் பதிலா படகை நிறுத்தி, பாயை ஒரு முனையிலேர்ந்து இன்னொரு முனைக்கு மாத்தி, இது வரைக்கும் பின்னாடி இருந்ததை அணியம் (படகோட முன்பக்கம்) ஆக்கி, வந்த வழியே கிளம்புவாங்க. இதுக்குப் பேர் ஷண்ட். இலங்கையில ஒருவா படகுக்காரங்க ரொம்பக் காலமா இதைத்தான் பண்றாங்க, பசிபிக் தீவுகள்லயும் இதேதான்.

நம்ம கரைக்கு இது எப்படிப் பொருந்துதுன்னு பாருங்க. கடலூர்லேர்ந்து புதுச்சேரி கிட்டத்தட்ட நேர் வடக்கு, கடல் வழியா சுமார் 12 கடல் மைல். மத்தியானம் கடல்லேர்ந்து கொண்டல் (கீழ்க்காத்து) அடிக்குதுன்னு வைங்க. தேவனாம்பட்டினத்துலேர்ந்து கிளம்பி வடக்க போறீங்க, மிதவை வலது பக்கம், கடலைப் பாத்து இருக்கு. தேங்காய்த்திட்டு நேருக்கு வந்ததும் ஷண்ட் பண்ணி தெக்க திரும்பி வர்றீங்க, இப்பவும் மிதவை கடலைப் பாத்துதான் இருக்கு, ஆனா உங்களுக்கு அது இடது பக்கம். போயிட்டு வந்த மொத்த நேரத்துலயும் படகு ஒரு தடவை கூடத் திரும்பல. திரும்பினது நீங்க மட்டும்தான். காம்பஸ் சென்சர் பாட்டுக்கு தெக்க வரும்போதும் "வடக்க போறோம்"னு சொல்லிட்டு இருக்கும். அது பொய் சொல்லல, அதோட தலை இன்னும் வடக்கதான் பாக்குது. அந்த நேரத்துல ஆட்டோபைலட்டை ஆன் பண்ணினா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

நான் திரும்பத் திரும்பச் சொல்ற விஷயம் ஒண்ணே ஒண்ணுதான். எந்த முனை இப்ப அணியம்ங்கிறதை படகுல ஒரே ஒரு இடத்துல முடிவு பண்ணணும். ஒரு ஸ்விட்ச், ஒரே ஸ்விட்ச். காம்பஸ் மெனுவுல போய் ஒரு தடவை 180 போட்டு, காத்துமானி மெனுவுல இன்னொரு தடவை போட்டு, லைட்டுக்குத் தனியா ஒரு பட்டன் வச்சு இப்படி ஆளுக்கு ஒரு பக்கமா மாத்தினா, ராத்திரி நேரத்துல அலையில ஏதோ ஒண்ணை மறந்துடுவீங்க. விழுப்புரம் போற மெமு ரயில்ல டிரைவர் சாவியை எடுத்துக்கிட்டு இந்தக் கடைசி கேபின்லேர்ந்து அந்தக் கடைசி கேபினுக்கு நடந்து போவார் பாருங்க, சாவி எங்க இருக்கோ அதுதான் தலை, அதுல எந்தக் குழப்பமும் கிடையாது. அது மாதிரி.

1. முதல்ல முனைகளுக்குப் பேர் வைங்க

அணியம், பின்பக்கம்னு சொல்றதை மறந்துடுங்க, ரெண்டும் மாறிக்கிட்டே இருக்கும். ஒரு முனை "அ", இன்னொண்ணு "ஆ". பெயின்ட்ல பெருசா எழுதுங்க, ஒயர்ல லேபிள் ஒட்டுங்க. இந்தக் கட்டுரையில அ முனை அணியமா இருக்கும்போது மிதவை வலது பக்கம், ஆ முனை அணியமானா மிதவை இடது பக்கம். எல்லா சென்சரையும் அ முனையைப் பாத்தே மாட்டுங்க, ஒண்ணு விடாம (காத்துமானி மட்டும் விதிவிலக்கு, கீழ வருது).

இன்னொண்ணும் இங்கயே சொல்லிடுறேன். மிதவை காத்து வர்ற பக்கம் இருக்கிறது பசிபிக் வகை. மிதவையை காத்துக்கு மறுபக்கம் வைக்கிற அட்லாண்டிக் வகையும் உண்டு, 1968-ல அட்லாண்டிக்கைத் தனியாளாத் தாண்டுற பாய்ப்படகுப் போட்டியில டாம் ஃபாலெட் ஓட்டி மூணாவது வந்த சியர்ஸ்ங்கிற படகு அந்த வகைதான், டிசைன் டிக் நியூயிக். உங்களுது அந்த வகைன்னா கீழ மிதவைப் பக்கம்னு நான் சொல்ற இடத்துல எல்லாம் எதிர்ப்பக்கம்னு மாத்திப் படிங்க.

2. எது மாறும், எது மாறாது

இதுல தெளிவு இல்லாம ஒயரைத் தொடாதீங்க.

ஜிபிஎஸ் குடுக்கிற இடம், வேகம், போற திசை இது மூணும் மாறவே மாறாது. ஜிபிஎஸ்ஸுக்கு படகோட தலை எதுன்னே தெரியாது, படகு பூமி மேல எந்தப் பக்கம் நகருதுன்னுதான் தெரியும். அதனால ஹெடிங் (படகோட தலை பாக்குற திசை) சென்சரே இல்லாத படகுல, வெறும் சார்ட் பிளாட்டர் (கடல் மேப் காட்டுற திரை) மட்டும் வச்சிருந்தா நீங்க எதுவும் பண்ண வேணாம், திரையில உள்ள குட்டிப் படகு தானா சரியான பக்கம் பாக்கும். வேகம் ரொம்பக் குறைஞ்சா மட்டும் அது தறிகெட்டுச் சுத்தும், அது எல்லாப் படகுலயும் சுத்துறதுதான். திரையை வடக்கு மேல இருக்கிற மாதிரி வச்சுக்கோங்க, ஷண்ட் பண்ணும்போது மேப் தலைகீழா புரளாம இருக்கும்.

ஹெடிங் மாறும், 180 கூட்டணும், 360 தாண்டினா 360 கழிக்கணும். காத்துக் கோணம் மாறும், அதுக்கும் 180. படகு சாயுற கோணமும், முன்ன பின்ன ஆடுற கோணமும் ரெண்டுமே குறி மாறும், ப்ளஸ் மைனஸ் ஆகும். ஆனா திரும்புற வேகம், அதாவது நொடிக்கு எத்தனை டிகிரி திரும்புதுங்கிறது, மாறாது! இதுலதான் நெறைய பேர் கோட்டை விடுறாங்க. மேலேர்ந்து பாத்தா படகு கடிகாரச் சுத்துல திரும்புதுன்னா எந்த முனையைத் தலைன்னு சொன்னாலும் அது கடிகாரச் சுத்துதான். மத்ததெல்லாம் குறி மாத்தினோமேன்னு இதையும் மாத்திட்டா ஆட்டோபைலட் திருப்பத்தைத் தடுக்கிறதுக்குப் பதிலா தூண்டி விடும்.

ஆழம் மாறாது, கிராஸ் டிராக் எர்ரர் (ரூட்டை விட்டு பக்கவாட்டுல எவ்வளவு விலகி இருக்கோம்ங்கிறது) மாறாது, ஏன்னா அது ரூட்டோட திசையை வச்சுக் கணக்குப் பண்றது. எந்த சுக்கான் வேலை செய்யுதுங்கிறது மாறும், அதைத் தனியாப் பேசுவோம்.

3. அந்த ஒரே ஸ்விட்ச்

ரெண்டு நிலை உள்ள தண்ணி புகாத டாகிள் ஸ்விட்ச் போதும், ஆனா உள்ள ரெண்டு தனித்தனி சர்க்யூட் உள்ளதா வாங்குங்க. ஒரு சர்க்யூட் நேரா லைட்டுக்குப் போகும், இன்னொண்ணு கம்ப்யூட்டருக்கு (ஆறாவது பகுதியில வர்ற பெட்டி) போகும். லைட்டை கம்ப்யூட்டர் வழியா மாத்துற ஐடியாவை நான் ஒத்துக்கவே மாட்டேன், ராஸ்ப்பெர்ரி பைங்கிற அந்தக் குட்டிக் கம்ப்யூட்டர் ஹேங் ஆனாலும் சிவப்பும் பச்சையும் சரியா எரியணும்.

கொஞ்சம் மெனக்கெட முடிஞ்சவங்க ஸ்விட்ச்சை சுக்கானோடயே இணைக்கலாம். முனைக்கு ஒரு சுக்கான் உள்ள படகுல தண்ணியில இறங்கி இருக்கிற சுக்கான் எதுவோ அதுதான் பின்பக்கம். சுக்கான் தூக்குற இடத்துல ஒரு காந்தமும் ரீட் ஸ்விட்ச்சும் (காந்தம் கிட்ட வந்தா மாறுற ஸ்விட்ச்) வச்சா நீங்க மறந்தாலும் அது மறக்காது. ஆனா ரெண்டு சுக்கானும் இறங்கி இருக்கிற நேரம், ரெண்டும் தூக்கி இருக்கிற நேரம் இருக்கும்ல, அப்ப பழைய நிலையிலயே நிக்கிற மாதிரி எழுதணும். காந்தத்தை காம்பஸ் சென்சர் பக்கத்துல கொண்டு போகாதீங்க, சொல்லவே வேணாம், ஆனாலும் சொல்றேன்.

ஜிபிஎஸ் திசையை வச்சு ஸ்விட்ச் இல்லாமலே தானா கண்டுபிடிக்க வைக்கலாமேன்னு கம்ப்யூட்டர் படிச்ச தம்பிங்க எல்லாரும் கேப்பாங்க. ஷண்ட் பண்ற நேரத்துல படகு நின்னு, காத்துல பக்கவாட்டுல மெதுவா ஒதுங்கிக்கிட்டு இருக்கும், அந்த நேரம் ஜிபிஎஸ் திசைக்கு அர்த்தமே கிடையாது. அதுவும் நம்ம கரையில நீரோட்டம் சும்மா இருக்காது, ஐப்பசி கார்த்திகையில தெக்க இழுக்கும், மாசி பங்குனியில வடக்க இழுக்கும், மெதுவாப் போற படகை அது பின்னாடியே கூடத் தள்ளிட்டுப் போகும். அதனால முடிவை ஸ்விட்ச் பண்ணட்டும், ஜிபிஎஸ் காவலுக்கு நிக்கட்டும். வேகம் 2 நாட் (மணிக்கு 2 கடல் மைல்) தாண்டி, தொடர்ந்து ஒரு பத்து செகண்ட், ஹெடிங்கும் போற திசையும் 90 டிகிரிக்கு மேல வித்தியாசப்பட்டா பஸ்ஸர் அடிக்கணும். அவ்வளவுதான் அதோட வேலை.

4. காம்பஸ், அதுல வரிசை முக்கியம்

எலக்ட்ரானிக் காம்பஸை படகு நடுவுல, இரும்பு, ஸ்பீக்கர், பேட்டரி ஒயர் எல்லாத்துலேர்ந்தும் தள்ளி மாட்டுங்க. காலிபரேஷனுக்கு படகை மெதுவா முழு வட்டம் அடிக்கச் சொல்லும். பாயை வச்சு ப்ரோவா முழு வட்டம் அடிக்காது, பாதியிலேயே மிதவை தப்பான பக்கம் போயிடும், அதனால பாயை இறக்கிட்டு அவுட்போர்டு போட்டோ துடுப்பு போட்டோ பண்ணுங்க. காலைல காத்து எழும்புறதுக்கு முன்னாடி உப்பனாத்துல தண்ணி தட்டையா கிடக்கும், நல்ல இடம், ஆனா இரும்பு போட்டுங்க கட்டியிருக்கிற பக்கமோ பாலத்துக்குக் கிட்டயோ போகாதீங்க. வட்டம் அடிக்கிற முழு நேரமும் ஸ்விட்ச் "அ"விலேயே இருக்கணும்.

இப்ப முக்கியமான இடம். காம்பஸ் பிழை (படகுல உள்ள இரும்பு, ஒயரால வர்ற தப்பு) படகோட உடம்பைப் பொறுத்தது, நீங்க எந்த முனையைத் தலைன்னு நினைக்கிறீங்கங்கிறதைப் பொறுத்தது இல்ல. உதாரணத்துக்கு அ முனை 10 டிகிரியைப் பாக்கும்போது உங்க பிழைப் பட்டியல் 3 கூட்டச் சொல்லுது, 190-ஐப் பாக்கும்போது 3 கழிக்கச் சொல்லுதுன்னு வைங்க. படகு ஆ முனையைத் தலையா வச்சு தெக்க போகுது, சென்சர் 10 காட்டுது. முதல்ல பிழையைத் திருத்தினா 13, அப்புறம் 180 கூட்டினா 193, சரி. முதல்ல 180 கூட்டிட்டு 190-க்கு நேரா உள்ள பிழையைப் போட்டா 187. ஆறு டிகிரி தப்பு. புதுச்சேரியிலேர்ந்து கடலூர் வர்ற 12 மைல்ல ஆறு டிகிரின்னா ஒன்னேகால் மைல் தள்ளிப் போயிடுவீங்க. ஆக வரிசை: பிழை, அப்புறம் நிஜ வடக்குக்கான திருத்தம் (நம்ம பக்கம் அது ரொம்பச் சின்னது, ரெண்டு டிகிரிக்குள்ள), கடைசியா 180.

அதே மாதிரி டேம்பிங், அதாவது ரீடிங் துள்ளாம இருக்க சராசரி எடுக்கிறது, அதுவும் 180-க்கு முன்னாடி முடியணும். பின்னாடி வச்சா ஷண்ட் பண்ணதும் பழைய வடக்கும் புது தெக்கும் கலந்து கொஞ்ச நேரத்துக்கு கிழக்கயோ மேக்கயோ காட்டும், ஆட்டோபைலட் அதையும் நம்பும்.

எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாத சாதா காம்பஸும் ஒண்ணு கட்டாயம் வேணும். மேலேர்ந்து பாத்துப் படிக்கிற தட்டை கார்டு உள்ளதா வாங்கி, கிண்ணத்துல எதிரெதிரா ரெண்டு கோடு இருக்கான்னு பாருங்க, இல்லாட்டி நீங்களே ரெண்டாவது கோடு போடுங்க, அ கோடு ஆ கோடு. முன்பக்கம் மட்டும் பாத்துப் படிக்கிற மாடல் இதுக்கு ஒத்து வராது.

5. காத்துமானி, இங்கதான் ப்ரோவாவுக்கு லாபம்

சாதாரணப் படகுல பாய்மர உச்சியில காத்துமானியோட கையை முன்பக்கமா நீட்டி வைப்பாங்க, பாய் கலைச்சு விடுற காத்து படாம இருக்க. நமக்கு முன்பக்கம்னு ஒண்ணு நிரந்தரமா இல்ல. ஆனா காத்து வர்ற பக்கம் நிரந்தரம்! அதனால கையை மிதவைப் பக்கமா நீட்டுங்க, காத்துமானியோட பூஜ்யம் மிதவையைப் பாக்கணும்.

கணக்கு ரொம்ப எளிசு. சென்சர் சொல்ற கோணம் மிதவைத் திசையிலேர்ந்து எவ்வளவு. அ முனை தலையா இருந்தா அதோட 90 கூட்டுங்க, ஆ முனை தலையா இருந்தா 90 கழிங்க. சரிபார்ப்போமா? அ முனை தலை, காத்து அணியத்துலேர்ந்து 45 டிகிரி வலது பக்கம் வருது, மிதவை 90-ல இருக்கு, அப்ப சென்சர் மைனஸ் 45 காட்டும், 90 கூட்டினா 45, சரி. படகு அதே மாதிரி நிக்கும்போது ஸ்விட்ச்சை மாத்துங்க, மைனஸ் 45-ல 90 கழிச்சா மைனஸ் 135, அதாவது இடது பக்கம் பின்னாடியிலேர்ந்து காத்து, அதுவும் சரி.

இந்த ஏற்பாட்டுல கிடைக்கிற பெரிய லாபம் ஒரு அலாரம். பசிபிக் ப்ரோவாவுக்கு உண்மையான ஆபத்து காத்து மிதவைக்கு எதிர்ப்பக்கத்துலேர்ந்து அடிக்கிறதுதான், பாய் மரத்தோட அமுங்கும், மரத்தைத் தாங்குற கயிறு அந்தப் பக்கம் இருக்காது, மிதவை அமுங்கும். சென்சரோட நேரடி ரீடிங் ப்ளஸ்ஸோ மைனஸோ 75 தாண்டினா பஸ்ஸர் அடிக்க விடுங்க, 90 தாண்டினா படகு மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம். காத்தை முழுசா பின்னாடி வச்சு ஓடினா இது அடிக்கத்தான் செய்யும், ப்ரோவாவை அப்படி ஓட்டாதீங்கன்னு அதுவே சொல்ற மாதிரி. கவனிங்க, இந்த அலாரத்துக்கு ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருக்குங்கிறதே தேவையில்ல, மாத்தாம நேரா வர்ற ரீடிங்கை வச்சே ஓடும். ஸ்விட்ச் தப்பா இருந்தாலும் இது தப்பாது. மாத்தின கோணத்துலேர்ந்து இந்த அலாரத்தை எடுக்கவே கூடாது.

நண்டுக்கொடுக்குப் பாய், அதாவது ஷண்ட் பண்ணும்போது மரமே ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொரு பக்கம் சாயுற வகைன்னா உச்சியில காத்துமானி வேஸ்ட். மிதவை மேல ஒரு குச்சி நட்டு அதுல மாட்டுங்க, உயரம் கம்மிதான், ஆனா சாயாது, பாயோட கலங்கல் காத்தும் படாது.

6. நடுவுல உக்காந்து மாத்துற பெட்டி

சென்சர் ஒரு பக்கம், திரையும் ஆட்டோபைலட்டும் இன்னொரு பக்கம், நடுவுல ஒரு சின்ன கம்ப்யூட்டர். ரெண்டு வழி இருக்கு.

என்எம்இஏங்கிறது படகுக் கருவிங்க ஒண்ணோட ஒண்ணு பேசுற மொழி. பழைய என்எம்இஏ 0183 கருவிங்கன்னா இஎஸ்பி32ங்கிற சின்ன கன்ட்ரோலர் போர்டு ஒண்ணு போதும். 4800 பாட் வேகத்துல வரி வரியா எழுத்து வரும், ஹெடிங் வரியையும் காத்து வரியையும் புடிச்சு, நம்பரை மாத்தி, திரும்ப அனுப்பணும். வரிக் கடைசியில நட்சத்திரக் குறிக்கு அப்புறம் உள்ள ரெண்டு எழுத்து செக்சம், டாலர் குறிக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவுல உள்ள எல்லா எழுத்தையும் எக்ஸார் பண்ணி வர்றது, நம்பரை மாத்தினா அதையும் திரும்பக் கணக்குப் போடணும், இல்லாட்டி பிளாட்டர் சத்தமே இல்லாம அந்த வரியைத் தூக்கிப் போட்டுடும், நீங்க ஒயரைத் திருகிக்கிட்டு நாள் பூரா உக்காந்திருப்பீங்க. ஜிபிஎஸ் வரிங்களைத் தொடாம அப்படியே விடுங்க.

என்எம்இஏ 2000 கருவிங்கன்னா ராஸ்ப்பெர்ரி பையில சிக்னல் கேங்கிற படகு டேட்டா சர்வர் போட்டு, நோட்-ரெட்ங்கிற புரோகிராம் எழுதுற டூல்ல மாத்துற கணக்கை எழுதுறது வசதி. ஹெடிங்கோட பிஜிஎன் (செய்தி வகை நம்பர்) 127250, காத்து 130306, சாய்வு 127257, திரும்புற வேகம் 127251 (இதை மாத்தக் கூடாது, மறக்காதீங்க), ஜிபிஎஸ் திசையும் வேகமும் 129026 (இதையும்தான்). சிக்னல் கே உள்ள கோணமெல்லாம் ரேடியன்ல இருக்கும், அங்க 180 கூட்டினா கூத்துதான், பை (π, 3.1416) கூட்டணும்.

என்எம்இஏ 2000-ல பெரிய பொறி என்னன்னா எல்லாக் கருவியும் ஒரே முதுகெலும்பு கேபிள்ல தொங்குது. சென்சர்லேர்ந்து மாத்தாம வர்ற ஹெடிங்கும் மாத்தின ஹெடிங்கும் ஒரே கேபிள்ல ஓடினா, ஒரு திரை இதை எடுக்கும், பைலட் அதை எடுக்கும். அதனால கேபிளை ரெண்டா வெட்டுங்க. சென்சர் எல்லாம் ஒரு நெட்வொர்க், திரையும் பைலட்டும் தனி நெட்வொர்க், ரெண்டையும் சேக்குற ஒரே பாலம் உங்க பெட்டி. ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ரெண்டு கடைசியிலயும் 120 ஓம் டெர்மினேட்டர் தனித்தனியா வேணும். செலவு கொஞ்சம் கூடும், ஆனா நிம்மதி.

பெட்டி செத்துப் போனா என்ன ஆகணும்னும் முடிவு பண்ணுங்க. என்னைக் கேட்டா ஹெடிங்கே வராம நின்னுடணும். தப்பான ஹெடிங்கை விட ஹெடிங் இல்லாதது மேல்.

7. ஆட்டோபைலட்

இதுலதான் தலை சுத்தும், மெதுவாப் படிங்க.

சென்சர் டேட்டா எல்லாம் 180 டிகிரி சுழலுது. ஆனா ப்ரோவாவோட உடம்பு அப்படி சுழலல, கண்ணாடியில தெரியுற மாதிரி மாறுது, ஏன்னா மிதவை அதே பக்கம் இருக்கு. டில்லர் பைலட்டை (சுக்கானோட கைப்பிடியான டில்லரை ஒரு கம்பியால தள்ளி இழுக்கிற ஆட்டோபைலட்) எடுத்து மிதவைப் பக்கம் உள்ள தாங்கியில வைக்கிறீங்கன்னு வைங்க, ரெண்டு முனையிலயும் மிதவைப் பக்கமே தாங்கி. அ தலையா இருக்கும்போது பைலட் உங்களுக்கு வலது பக்கம் உக்காந்திருக்கும். ஆ தலையானா இடது பக்கம். வலதுபக்க பைலட் கம்பியை வெளிய தள்ளினா டில்லர் இடது பக்கம் போகும், இடதுபக்க பைலட் அதே மாதிரி தள்ளினா டில்லர் வலது பக்கம் போகும். ஆக ஹெடிங்கை அழகா மாத்திக் குடுத்தும் படகு வட்டம் போட்டுக்கிட்டே இருக்கும்.

டில்லர் பைலட் பொதுவா வலது பக்கம் மாட்டுறதுக்குன்னு செட் பண்ணி வரும், இடது பக்கத்துக்கு மாத்துற செட்டிங் மேனுவல்ல இருக்கும். ஒவ்வொரு ஷண்டுக்கும் அந்த செட்டிங்கை மாத்துறதை விட ஒரு முனையில மிதவைப் பக்கமும் இன்னொரு முனையில எதிர்ப்பக்கமும் தாங்கி வைங்க, அப்ப ரெண்டு தடவையும் பைலட் உங்களுக்கு வலது பக்கமே இருக்கும், செட்டிங்கைத் தொட வேண்டாம். காத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்போது பைலட் மேல தண்ணி தெறிச்சாலும் பரவாயில்ல, நல்ல உறை போடுங்க. பைலட் உள்ளயே காம்பஸ் வச்சிருக்கிற மாடல்னா இன்னும் சுலபம், பைலட்டையே திருப்பி வைக்கிறதால அதோட காம்பஸும் கூடவே திரும்பிடுது, பெட்டி வழியா 180 தேவையே இல்ல. வெளி ஹெடிங்கை அதுக்கு அனுப்பாதீங்க.

பைபைலட்ங்கிற ஓப்பன் சோர்ஸ் ஆட்டோபைலட் மென்பொருள் போடுறவங்களுக்கு ஹெடிங் ஆஃப்செட்னு ஒரு செட்டிங் இருக்கு, ஸ்விட்ச் மாறும்போது அதை 180 நகத்தலாம், மோட்டார் திசையை மட்டும் உங்க மெக்கானிசத்துக்கு ஏத்த மாதிரி யோசிச்சு வைங்க.

ஷண்ட் பண்ற வரிசையை லேமினேட் பண்ணி மரத்துல ஒட்டுங்க. பைலட் ஸ்டாண்ட்பை. பாயைத் தளர்த்து. படகு நிக்கட்டும். பாயும் சுக்கானும் மாத்து. ஸ்விட்ச். திரையில ஹெடிங் புரண்டுச்சான்னு கண்ணால பாரு. பாய் காத்து புடிச்சு 2 நாட் தாண்டட்டும். அப்புறம் பைலட் ஆன். பைலட் ஆன்ல இருக்கும்போது ஸ்விட்ச்சைத் தொட்டா அது 180 டிகிரி தப்பாப் போறோம்னு நினைச்சு சுக்கானைக் கடைசி வரைக்கும் தள்ளும். பெட்டியில நாலு வரி கோட் எழுதி, ஸ்விட்ச் மாறினதும் தானா ஸ்டாண்ட்பை அனுப்ப வச்சா இன்னும் நல்லது.

8. லைட்

20 மீட்டருக்குக் கம்மியான பாய்ப்படகு சிவப்பு, பச்சை, வெள்ளை மூணையும் மர உச்சியில ஒரே லைட்டா வைக்கலாம்னு கடல்ல மோதலைத் தடுக்கிற சர்வதேச விதிகள்ல விதி 25 சொல்லுது. நமக்கு அப்படி ரெண்டு லைட், ஒண்ணு அ பாத்து, ஒண்ணு ஆ பாத்து, ஒண்ணு மேல ஒண்ணா. பக்க விளக்கு நேர் முன்னாலேர்ந்து 112.5 டிகிரி, பின் விளக்கு 135 டிகிரி, திசை ரெண்டு மூணு டிகிரி கூடத் தப்பாம மாட்டுங்க. ஸ்விட்ச் ஒரு லைட்டை அணைச்சுட்டுதான் மத்ததை ஏத்தணும், ஒரு கணம் கூட ரெண்டும் சேந்து எரியக் கூடாது. மலிவான எல்இடி லைட் விஎச்எஃப் ரேடியோவுலயும் ஏஐஎஸ்லயும் (கப்பலுங்க தங்க இடத்தை ரேடியோவுல அறிவிக்கிற கருவி) இரைச்சல் கிளப்பும், லைட்டை ஆன் ஆஃப் பண்ணி ரேடியோவை ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

லைட்டோட இன்னொரு விஷயமும் புரளுது. விதி 12 படி ரெண்டு பாய்ப்படகுக்கு வேற வேற பக்கம் காத்து வந்தா, இடது பக்கம் காத்து வாங்குறவன்தான் ஒதுங்கணும். அ தலையா வடக்க போகும்போது உங்களுக்குக் காத்து வலது பக்கம், மத்தவன் ஒதுங்குவான். ஷண்ட் பண்ணதும் நீங்கதான் ஒதுங்கணும். ஆனா நம்ம கரையில ராத்திரி வலை விட்டுக்கிட்டு நிக்கிற ஃபைபர் போட்டுக்காரங்ககிட்ட போய் விதி பேசாதீங்க, வலை போட்டிருந்தா நீங்கதான் ஒதுங்கணும், அதுவும் விதியிலயே இருக்கு.

9. ஏஐஎஸ், ஆழமானி, வேகமானி

ஏஐஎஸ் அனுப்புறதுன்னா லைசன்ஸும் எம்எம்எஸ்ஐ (படகோட ரேடியோ அடையாள) நம்பரும் வாங்கணும், இந்தியப் படகு நம்பர் 419-ல ஆரம்பிக்கும். அமைக்கும்போது ஜிபிஎஸ் ஆன்டெனாவிலேர்ந்து அணியம் எத்தனை மீட்டர், பின்பக்கம் எத்தனை மீட்டர்னு கேக்கும். ஆன்டெனாவை நீளத்துல நட்ட நடுவுல வச்சுட்டா ரெண்டு நம்பரும் ஒண்ணுதான், ஷண்ட் பண்ணாலும் மாறாது. ஹெடிங் அனுப்பணும்னு க்ளாஸ் பி-க்குக் (சின்னப் படகுக்கான ஏஐஎஸ்) கட்டாயம் இல்ல, ஹெடிங் இல்லன்னு சொல்ற 511ங்கிற நம்பரையே விட்டுடுங்க, கப்பல்காரன் உங்க ஜிபிஎஸ் திசையைத்தான் பாப்பான். கப்பலை நீங்க பாத்தா மட்டும் போதும்னா 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் கேக்குற ரிசீவர் போதும்.

ஆழமானியை பின்பலகையில மாட்டுறதை மறந்துடுங்க, நமக்குப் பின்பலகையே கிடையாது. உடம்பு நடுவுல, உள்பக்கம் ஃபைபர் திடமா இருக்கிற இடத்துல ஒட்டுங்க, ஃபோம் சாண்ட்விச் மேல ஒட்டினா சத்தம் வெளியவே போகாது. சக்கர வேகமானி ஒரு பக்க ஓட்டத்துக்குன்னே செஞ்சது, அம்புக்குறி போட்டிருப்பாங்க, மறுபக்கம் ஓடும்போது நம்ப முடியாத ரீடிங் குடுக்கும். ஜிபிஎஸ் வேகமே போதும், நீரோட்டத்தைத் தலையில வச்சுக்கிட்டு பாருங்க. ரேடார் இந்த சைஸ் படகுக்கு வேணாம்.

10. சோதனை

முதல்ல கரையில, டிராலியில. ஹார்பர் ஜெட்டி மேல வேணாம், கான்கிரீட் உள்ள கம்பி காம்பஸைக் கெடுக்கும், மணல்ல நிறுத்துங்க. படகை அசைக்காம ஸ்விட்ச்சை மட்டும் மாத்தி மாத்தி திரையைப் பாருங்க: ஹெடிங் சரியா 180 புரளணும், காத்துக் கோணம் 180 புரளணும், லைட் மாறணும், ஜிபிஎஸ் துளியும் அசையக் கூடாது. கையால படகை லேசா வலமாத் திருப்பி, ரெண்டு நிலையிலயும் திரும்புற வேகம் ப்ளஸ்லயே வருதான்னு பாருங்க.

தண்ணியில முக்கியமான சோதனை நிஜக் காத்துத் திசை, அதாவது வடக்கிலேர்ந்து எத்தனை டிகிரியில காத்து அடிக்குதுங்கிறது. ஷண்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் காத்து ஒண்ணுதானே, அந்த நம்பரும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். கொண்டல் 90-ல அடிக்குதுன்னு போகும்போது காட்டிட்டு, திரும்பி வரும்போது 270-ன்னு காட்டினா ஹெடிங்கோ காத்தோ ஏதோ ஒண்ணு மட்டும் புரண்டிருக்கு. பத்து டிகிரி ஆடினா கண்டுக்காதீங்க. அப்புறம் ரெண்டு பக்கமும் காத்தை எதிர்த்து எவ்வளவு நெருக்கிப் போக முடியுதோ போய் காத்துக் கோணத்தைக் குறிச்சுக்கோங்க, அ பக்கம் 50-ம் ஆ பக்கம் 44-ம் வந்தா காத்துமானி வித்தியாசத்துல பாதி, அதாவது 3 டிகிரி, கோணலா இருக்கு.

காசு கையைக் கடிக்குதுன்னா வாங்குற வரிசை இப்படி வைங்க: ரெண்டு லைட்டும் ஸ்விட்ச்சும், ரெண்டு கோடு போட்ட சாதா காம்பஸ், ஒரு கைஜிபிஎஸ். அதுக்கு அப்புறம் மிதவை அலாரத்தோட காத்துமானி. பைலட்டும் பெட்டியும் கடைசி, ஏன்னா மேல சொன்ன அஞ்சாறு தலைவலியும் ஹெடிங் சென்சரை ஒயர்ல சேக்குற அன்னைக்குத்தான் ஆரம்பிக்குது.